புனித பத்திரிசியார் கல்லூரி, யாழ்ப்பாணம்

யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்க ஆண்கள் பாடசாலை. 1850இல் ஆங்கிலப் பாடசாலையாகத் தொடங்கி, 1881இல் இப்பெயர் பெற்றது.

கல்விப் பணியில் கத்தோலிக்கர் பிந்தித்தான் இறங்கினர். ஒல்லாந்தர் காலத்தில் அவர்களுடைய வழிபாட்டுக்கே தடை இருந்தது. கோவாவிலிருந்து வந்த குருக்கள் ஒளிந்து திரிந்து சபையைக் காத்தனர். ஆங்கிலேயர் ஆட்சியில் தடை நீங்கினாலும், பள்ளிக்கூடங்களில் முந்திக்கொண்டது அமெரிக்க மிஷன். வட்டுக்கோட்டைச் செமினரியை 1823இலேயே திறந்துவிட்டது. அரசாங்க உத்தியோகத்துக்கு ஆங்கிலம் வேண்டும், ஆங்கிலத்துக்குப் புரட்டஸ்தாந்துப் பள்ளியே கதி என்றிருந்த நிலையை மாற்றவே பெத்தாக்கினி ஆண்டகை இப்பாடசாலையைத் தொடங்கினார். 1847இல் இலங்கைக்கு வந்த அமலமரித் தியாகிகள் சபையினர் பின்னர் இதை வளர்த்தெடுத்தனர்.

உத்தியோகத்துக்காகத் தோன்றிய பள்ளி தமிழுக்கு அளித்தவர் சாதாரணமானவர் அல்லர். கரம்பனைச் சேர்ந்த தனிநாயகம் அடிகள் இங்கு படித்தவர். உலகத் தமிழாராய்ச்சி மன்றம் 1964இல் உருவாக முன்னின்ற அவருடைய முயற்சியால், 1966இல் முதல் மாநாடு கோலாலம்பூரில் கூடியது. இப்பள்ளியின் பெயரை நிலைநிறுத்த இவர் ஒருவரே போதும்.

அதிபர்களில் அதிகம் பேசப்படுபவர் அயர்லாந்தரான லோங் அடிகள். 1936 முதல் 1954 வரை பொறுப்பிலிருந்தார். பள்ளி மதிலுக்குள் அடங்கியவர் அல்லர்; யாழ்ப்பாணப் பொது நூலகம் எழுவதற்கு ஓடியாடி உழைத்தவர்களில் ஒருவர். 1954 மார்ச்சில் அதற்கு அடிக்கல் நாட்டியவர்களிலும் அவர் இருந்தார். அந்நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. பன்மொழிப் புலவர் தாவீது அடிகள் அந்த அதிர்ச்சியிலேயே உயிர்விட்டார்.

1960இல் அரசு உதவி பெறும் பாடசாலைகளை அரசே ஏற்றது. பெரும்பாலான கத்தோலிக்கப் பள்ளிகள் கைமாறின; பத்திரிசியார் தனியார் பள்ளியாகவே நின்றது. அதற்கு விலை இருந்தது: அரசின் நன்கொடைப் பணம் நின்றது, மாணவரிடம் கட்டணமும் வாங்க முடியாது. திருச்சபையும் பெற்றோரும் பழைய மாணவரும் தாங்கியதால்தான் அந்த ஆண்டுகளைக் கடக்க முடிந்தது. ஆசிரியர் சம்பளத்தை அரசு பொறுப்பேற்றது பின்னாளில்தான்.

1995 ஒக்ரோபர் இறுதியில் போரால் யாழ் நகரமே இடம்பெயர்ந்தது. மக்கள் திரும்பியபின் வகுப்புகளும் மீண்டன. யாழ்ப்பாணக் கல்லூரியுடன் ஆடும் ‘பொன் அணிகளின் போர்’ கிரிக்கெட் ஆட்டம் பழைய மாணவரை இன்றும் மைதானத்துக்கு இழுக்கிறது.