தொரையின் பைக்கும் தோட்டத்துப் பிள்ளையின் விளக்கும்

மலைநாட்டு ரோட்டில் பைக் வருவதை எல்லாரும் கண்டுகொண்ட காலம் ஒன்று இருந்தது. பைக்கின் விளக்கு அதற்குக் காரணமில்லை. அதில் உட்கார்ந்திருந்தவர் தொரை, தோட்டத்தை நடத்திய வெள்ளைக்கார அதிகாரி.

என் அப்பா நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றில் லொறிக் கிளீனராக இருந்து பிறகு டிரைவரானவர். சின்ன தொரையின் பி.எஸ்.ஏ. பைக் மேல்கணக்கில் ஸ்டார்ட் ஆனால் பணியக்கணக்கு வரைக்கும், அதாவது தோட்டத்தின் மேல்பிரிவிலிருந்து கீழ்ப்பிரிவு வரைக்கும், கேட்கும் என்பார். சத்தம் நெருங்க நெருங்க ரோட்டில் போகிறவர்கள் கானோரம் ஒதுங்குவார்கள். ஆம்பிளைகள் தலைத்துண்டை அவிழ்ப்பார்கள். குடை பிடித்திருந்தால் மடக்குவார்கள், மழையாக இருந்தாலும். பைக் கடந்து போன பிறகுதான் மறுபடி நடை. பார்க்காமல் விட்டுவிட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. பார்க்காமல் விட்டதே குற்றம். அச்சம்தான் அந்தக் காலத்துப் பைக்கின் முன்விளக்கு.

ஹட்டனில் மோட்டார் வயரிங் வேலை செய்கிறவன் நான். பைக்குகளின் விளக்கைக் கழற்றுவதும் பூட்டுவதுமாகவே என் வயது போயிருக்கிறது. இந்த மலையில் பைக்குக்கு விளக்கு வந்த கதையை எழுத நினைத்தபோது, அது ஒருவரை மற்றவர் கண்ணெடுத்துப் பார்த்த கதையாகவும், பார்க்காமல் போன கதையாகவும் இருப்பது தெரிந்தது.

முதலில் ரோட்டைச் சொல்ல வேண்டும். இன்று நாம் பஸ்ஸிலும் ஓட்டோவிலும் போகிற தோட்டத்து ரோடுகள் மோட்டார் வாகனத்துக்காக வெட்டியவை இல்லை. கோப்பிக் காலத்தில் மூட்டைகள் ரம்பொடைக் கணவாய் வழியாக மாட்டுவண்டியில் இறங்கின. 1867இல் கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் வந்தது. அதே ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை போட்டார். இரண்டு வருடத்தில் கோப்பியில் இலைநோய் கண்டது. தேயிலை பரவப் பரவ ரயிலும் மேலே ஏறியது: 1884இல் ஹட்டன், 1885இல் நானுஓயா. அதன்பின் ஒவ்வொரு தோட்டத்துக்கும் தேவைப்பட்டது, இஸ்டோர் என்ற தேயிலை ஆலையிலிருந்து ஸ்டேஷனுக்கு ஒரு வண்டிப்பாதை. மலையின் வளைவை ஒட்டியே அதை வெட்டினார்கள். ஒரு வண்டி போகும் அகலம், முடக்குக்குப் பின் முடக்கு, ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். வெட்டியவர்கள் இந்தியாவிலிருந்து வந்த நம் பாட்டன் பூட்டன்மார். அவர்கள் காலத்தில் தொரை குதிரையில் போனார். குதிரை போன தடத்தில்தான் பிறகு மோட்டார் சைக்கிள் போனது. இன்று அதே தடத்தில் தார் இருக்கிறது, சில இடத்தில் கொங்கிரீட் இருக்கிறது. முடக்கு மட்டும் நிமிரவில்லை.

அந்த முடக்குகளில் எதிரே வருகிறவருக்குத் தன் வருகையை அறிவிப்பது பழைய வேலை. என் தாத்தா தோட்டத்தில் தப்பால்காரராக இருந்தவர். தபால் பையைத் தோளில் போட்டு விடியுமுன் கிளம்பினால் கையில் லாந்தர் இருக்கும். பாதை அவருக்குக் காலிலேயே மனப்பாடம், கண்ணை மூடிக்கொண்டும் நடப்பார். லாந்தர் எதற்கென்றால், முடக்குக்கு அப்பால் இறங்கி வருகிற வண்டிக்காரன் அங்கே ஆள் வருவதை அறிய. விளக்குக்குப் பார்க்க உதவும் வேலை ஒன்று, பார்க்கப்பட உதவும் வேலை இன்னொன்று. கொழும்பின் நேர் ரோட்டில் முதலாவது பெரிதாக இருக்கலாம். இங்கே இரண்டாவதுதான் உயிரைக் காத்தது.

ஆரம்ப கால மோட்டார் சைக்கிள்களில் கார்பைட் விளக்கு இருந்தது. மேல் தட்டில் தண்ணீர், கீழ்த் தட்டில் கார்பைட் கல். தண்ணீர் சொட்டச் சொட்ட அசெட்டிலின் வாயு எழும்பி குழாய் வழியாகப் போய் எரியும். வெள்ளை வெளேரென்ற ஒளி, ஆனால் பற்றவைக்க நேரம் எடுக்கும், காற்றுக்கும் மழைக்கும் ஆடும். அதற்குப் பிறகு லூகாஸ் கம்பனியின் 6 வோல்ட் டைனமோ. அப்பா சொல்லும் பி.எஸ்.ஏ.யில் இருந்தது அந்த வகைதான். தோட்டத்து மழையில் வயர் நனைந்து அது அடிக்கடி செத்துப்போகும். செத்தாலும் தொரைக்கு ஒன்றும் ஆகவில்லை. எதிரே வந்தவர்கள்தானே ஒதுங்கினார்கள்.

பைக் என்பது அப்போது வெள்ளைக்காரரின் வேலைக்கருவி மட்டுமில்லை, விளையாட்டுப் பொருளும்தான். நுவரெலியா மகாகஸ்தோட்ட மலையேற்றப் போட்டி 1934இல் தொடங்கியது. ஏப்ரல் சீசனில் கார்களும் பைக்குகளும் தேயிலை மலைக்கு நடுவே சீறிக்கொண்டு ஏறும். அப்பா இளவட்டமாக இருந்தபோது சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மேட்டில் நின்று பார்த்திருக்கிறார். அந்தப் பைக்குகளில் ஒன்றைத் தன் மகன் அவிழ்த்துப் பூட்டுவான் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தச் சட்டங்களோடு கம்பனித் தோட்டங்கள் அரசுக்குப் போயின. 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்தது, ஜப்பான் பைக்குகள் வந்தன. எண்பதுகளின் தொடக்கத்தில் நான் ஹட்டனில் ஒரு கராஜில் வேலை பழகப் போனபோது, கதவருகே நின்றவை ஹொண்டாக்கள்தான். ஓட்டியவர்களும் மாறிவிட்டார்கள்: வெளிக்கள உத்தியோகத்தர், தபால்காரர், வாத்தியார், சங்கத்துத் தலைவர், துணி மூட்டை கட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போகும் வியாபாரி. சனம் யாருக்கும் ஒதுங்கி நிற்கவில்லை. அது நல்லது, மிக நல்லது. ஆனால் அன்றிலிருந்து பைக் ஓட்டுகிறவன் தன்னைத் தானே காட்டிக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. அந்த வேலைக்கு அவனுக்குக் கிடைத்த விளக்கோ மிகச் சின்னது.

அந்த விளக்கைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். சின்ன பைக்குகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்கு மின்சாரம் பேட்டரியிலிருந்து வருவதில்லை. எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் காந்தமும் அதன் கொயிலும் நேரே கொடுக்கும். எஞ்சின் வேகமாகச் சுற்றினால் வெளிச்சம் கூடும், மெதுவாகச் சுற்றினால் குறையும். மற்ற ஊர்களில் இது பெரிய குறையில்லை. மலையில் இது தலைகீழ் வேலை செய்தது. ஏற்றத்தில் இரண்டாம் கியரில் எஞ்சின் கத்தும்போது லைட் பளிச்சென்று எரியும். அங்கே வேகமே கிடையாது. வட்டவளையிலிருந்து கினிகத்தேனைக்கு இறங்கும்போது, அக்ஸிலேட்டரை மூடிப் பிரேக்கில் வருகிறவனின் லைட் மின்மினி போல ஆகிவிடும். எங்கே மற்றவர் கண்ணில் பட வேண்டுமோ அங்கே ஒளி இல்லை.

ஓட்டுகிறவர்கள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. முடக்குக்கு முன் கிளட்சைப் பிடித்துக்கொண்டு அக்ஸிலேட்டரை இரண்டு மூன்று தரம் முறுக்குவார்கள். எஞ்சின் உறுமும், லைட் கூடிக் குறைந்து கூடிக் குறைந்து துடிக்கும். பனிக்குள் அந்தத் துடிப்பைப் பார்த்தால் எதிரே வருகிற லொறிக்காரன் பிரேக்கில் கால் வைப்பான். தலவாக்கலை, லிந்துலைப் பக்கம் போகும் பழைய ஆட்கள் பலரிடம் இந்தப் பழக்கம் இருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

இதே துடிப்பைக் கருவியாகவே செய்து பூட்டும் நாடு ஒன்று உண்டு என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அமெரிக்காவில் அதற்கு ஹெட்லைட் மொடியுலேட்டர் என்று பெயர். பகலில் பைக்கின் முன்விளக்கைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கும். அதற்குச் சட்டமே எழுதி வைத்திருக்கிறார்கள்: நிமிடத்துக்கு 240 துடிப்பு, அதில் 40 கூடலாம், குறையலாம். மங்கும்போதும் முழு வெளிச்சத்தின் 17 சதவீதத்துக்குக் கீழே இறங்கக்கூடாது. இருட்டியதும் துடிப்பு தானாக நின்று நிலையான ஒளியாக வேண்டும். அதற்கு ஓர் ஒளியுணரி கட்டாயம். கண்ணின் ஓரத்தில் படும் அசைவையும் துடிப்பையும் மனிதன் சட்டென்று பிடித்துக்கொள்வான் என்பதே இதன் அடிப்படை.

பைக் மற்றவர் கண்ணில் படுவதில்லை என்ற கவலைக்கு வலுவான சான்று தந்தவர் கலிபோர்னியாப் பேராசிரியர் ஹரி ஹேர்ட். லொஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் 900 பைக் விபத்துகளை அந்தந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981இல் அறிக்கை வெளியிட்டார். பைக்கும் வேறு வாகனமும் மோதிய விபத்துகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கில், வழிவிட வேண்டிய அந்த மற்ற வாகனம் வழிவிடவில்லை. பைக்கைக் கவனிக்காததே முக்கிய காரணம். கண் திறந்திருக்கிறது, ரோடு தெரிகிறது, ஆனால் மனம் காரையும் லொறியையும் மட்டுமே தேடுகிறது.

எனக்கு அமெரிக்காவை விட மலேசியாதான் நெருக்கமான பாடம். நம்மைப் போலவே தோட்ட வேலைக்குக் கப்பலேறிப் போன தமிழர்களின் வழிவந்தவர்கள் வாழும் நாடு, எங்கு பார்த்தாலும் சின்ன பைக். அங்கே 1992இல் பைக்குகள் பகலிலும் முன்விளக்கு எரிக்க வேண்டும் என்று சட்டமாக்கினார்கள். சிரம்பான், ஷா ஆலம் வட்டாரங்களில் ஆய்வாளர் ராடின் உமரும் கூட்டாளிகளும் கணக்கெடுத்தபோது, கண்ணில் படாததால் நேரும் பைக் விபத்துகள் 29 சதவீத அளவுக்குக் குறைந்திருந்தன. துடிப்பு இல்லை, கருவி இல்லை. இருக்கிற விளக்கைப் போட்டார்கள், அவ்வளவுதான்.

இந்தியாவில் 2017 ஏப்ரல் 1 முதல் புதுப் பைக்குகளுக்கு ஹெட்லைட்டை அணைக்கும் சுவிட்சே கிடையாது. எஞ்சின் ஓடினால் விளக்கும் எரியும். அங்கிருந்து வந்த பைக்குகள் சில என் கடைக்கும் வந்தன. ஒரு பையன் வந்து நின்றான்.

“அண்ணே, இந்த லைட்ட அணைக்க ஒரு சுவிட்ச் போட்டுத் தாங்க. எதிர்ல வாறவன் எல்லாம் கைய விரிச்சு விரிச்சுக் காட்டுறான்.”

“அவன் கை காட்டுறான்னா ஒன்னக் கண்டுட்டான்னு அர்த்தம் தம்பி. அதுக்குத்தான் அந்த லைட்டு.”

போட்டுக் கொடுக்கவில்லை. அவன் வேறு கடையில் போட்டுக்கொண்டிருக்கலாம்.

இவனைப் போன்ற பிள்ளைகள்தான் இன்று இந்த ரோட்டின் பைக்காரர்கள். லயத்துப் பிள்ளைகள். கொழும்பில் கடையிலும் ஹோட்டலிலும் வேலை செய்து, லீசிங்கில் பைக் எடுத்து, தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் அதிலேயே மலையேறுகிறார்கள். இலங்கையில் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள்தான். தாத்தன் குடையை மடக்கி நின்ற ரோட்டில் பேரன் தன் சொந்தப் பைக்கில் வருகிறான். இந்த மண்ணில் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை நான் மனநிறைவோடு சொல்வேன். ஆனால் அவனை யாரும் பார்ப்பதில்லை. கறுப்பு ஜக்கெட், கறுப்பு ஹெல்மட், சேறு படிந்த ஹெட்லைட். பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று அவனுக்கே தெரியாது. எதிரே வருகிற வான்காரன் லொறியை முந்தும்போது, ஒற்றை விளக்கை வாகனமாகவே கணக்கில் எடுப்பதில்லை. பைக்தானே, ஒதுங்கிக்கொள்ளும் என்பது அவன் நினைப்பு. ஒதுங்க இங்கே ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம் என்பதை மேலேயே சொன்னேன்.

அதனால்தான் சில பையன்கள் வெட்டி வெட்டி மின்னும் எல்.இ.டி. விளக்கு வாங்கி வந்து பூட்டச் சொல்கிறார்கள். அவர்களின் பயம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் நான் பூட்டுவதில்லை. அமெரிக்கக் கருவி அளவெடுத்துச் செய்தது, வெயிலுள்ள அகலமான ரோடுகளுக்கு. கடையில் விற்கும் சாமானுக்கு அளவும் இல்லை, இருட்டினால் நிற்கவும் தெரியாது. பனிக்குள் மின்னும் ஒற்றை விளக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று எதிரே வருகிறவரால் மட்டுக்கட்ட முடியாது. நம் ரோட்டில் லைட்டை அடித்துக் காட்டுவதற்கு ஏற்கெனவே அர்த்தங்கள் உண்டு: நான் வருகிறேன் நில் என்பது ஒன்று, முன்னால் பொலிஸ் நிற்கிறது என்பது இன்னொன்று. இதற்குள் இன்னொரு மின்னலைச் சேர்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். பழைய ஆட்கள் முடக்கில் மட்டும் முறுக்கிக் காட்டிய துடிப்பு வேறு. அது ஓர் இடத்துக்கான பேச்சு; நாள் முழுக்கக் கத்துவதில்லை.

மலேசியா செய்ததையே நாமும் செய்யலாம் என்பது என் முடிவு. பனிமூட்டம் இறங்கும் போதெல்லாம் ஹட்டன்–கொழும்பு, ஹட்டன்–நுவரெலியா வீதிகளில் முன்விளக்கை எரித்து ஓட்டும்படி பொலிஸார் சாரதிகளைக் கேட்டுக்கொள்கிறார்கள். பைக் ஓட்டுகிற தம்பிமார் பனிக்குக் காத்திருக்க வேண்டாம். வெயிலிலும் டிம் லைட்டைப் போட்டே ஓட்டுங்கள். பழைய பைக் என்றால் விளக்கைப் பேட்டரி வழியாக மாற்றித் தரச் சொல்லி நல்ல வயரிங்காரரிடம் கேளுங்கள். சார்ஜ் கொயில் தாங்குமா என்று பார்த்துச் செய்வார், இறக்கத்திலும் ஒளி குறையாது. கிளம்புமுன் ஹெட்லைட் கண்ணாடியையும் பின்விளக்கையும் ஒரு துணியால் துடையுங்கள். மழைக்கோட்டு வாங்கினால் மஞ்சளாக வாங்குங்கள். பஸ், லொறி, வான் ஓட்டும் அண்ணன்மாருக்கு ஒரு வேண்டுகோள்: முந்துவதற்கு முன் எதிரே ஒற்றை விளக்கு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் பின்னாலேயே வாருங்கள்.