துப்பாக்கியும் ஐந்து கையெழுத்தும்

புதுச்சேரியையும் துப்பாக்கியையும் சேர்த்துச் சொன்னால் நம் ஊர்க்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கருவடிக்குப்பம். வ.வே.சு. ஐயர் அந்தப் பக்கத்துத் தோப்புகளில்தான் வாஞ்சிநாதனுக்குச் சுடக் கற்றுக்கொடுத்தார் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். வாஞ்சி திருவிதாங்கூர் வனத்துறையில், புனலூரில் வேலை பார்த்த குமாஸ்தா. நம் ஜாதி, அதாவது கோப்பு கட்டும் ஜாதி. 1911-இன் தொடக்கத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு இங்கே வந்து தங்கினார். அதே ஆண்டு ஜூன் 17-ஆம் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில், முதல் வகுப்புப் பெட்டியில் மனைவியோடு உட்கார்ந்திருந்த திருநெல்வேலி கலெக்டர் ஆஷைச் சுட்டார். பிறகு பிளாட்பாரத்துக் கழிவறைக்குள் ஓடித் தன்னையும் சுட்டுக்கொண்டார். கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கி.

இது எல்லோருக்கும் தெரிந்த கதை. இந்தப் பயிற்சிக்குப் புதுச்சேரியை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை மட்டும் பலர் யோசிப்பதில்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம் 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இருந்தது. லிட்டன் பிரபு வைசிராயாக இருந்தபோது வந்தது. இந்தியன் ஒருவன் துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டும், வெள்ளைக்காரனுக்கு வேண்டாம். இந்தப் பாரபட்சம் படித்தவர்களை மிகவும் உறுத்தியது. 1887-இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டிலேயே இதை எதிர்த்துத் தீர்மானம் போட்டார்கள். அகிம்சையைப் போதித்த காந்தியே 1918-இல், ஒரு தேசத்தையே நிராயுதபாணியாக்கிய சட்டம் என்று இதைக் கடுமையாகக் கண்டித்து எழுதியிருக்கிறார். விதிவிலக்கு பெற்ற இந்தியர்களும் உண்டு. குடகுக்காரர்களுக்கு அந்தக் காலத்தில் கொடுத்த சலுகை இன்றும் நீடிக்கிறது. லைசென்ஸ் இல்லாமலே துப்பாக்கி வைத்துக்கொண்டு அதற்குப் பூஜையும் செய்கிறார்கள்.

பிரெஞ்சு எல்லைக்குள் இந்தச் சட்டம் செல்லாது. வங்காளத்தில் சந்திரநாகூர், தெற்கே நம் புதுச்சேரி, இரண்டு ஊர்களின் மேலும் ஆங்கிலேயப் போலீசுக்கு ஓயாத சந்தேகம் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். சந்திரநாகூர்ப் பையன் கனைலால் தத்தா 1908 ஆகஸ்டு கடைசியில், அலிப்பூர்ச் சிறைக்கு உள்ளேயே ரிவால்வரைத் தருவித்து அப்ரூவர் நரேன் கோஸ்வாமியைச் சுட்டான். அலிப்பூர் வழக்கில் விடுதலையான அரவிந்தர், முதலில் அதே சந்திரநாகூரில் ஒளிந்திருந்துவிட்டு, 1910 ஏப்ரல் 4-ஆம் தேதி கப்பலில் புதுச்சேரி வந்து இறங்கினார். பாரதியார் 1908-இலேயே வந்துவிட்டார். ஐயர் 1910-இல் வந்து சேர்ந்தார்.

ஆஷ் கொலைக்குப் பிறகு இந்த மூவருக்கும் ஏற்பட்ட நெருக்கடியைப் பாருங்கள். ஆங்கிலேய ஒற்றர்கள் ஊர் முழுக்க வந்து இறங்கிவிட்டார்கள். தெருமுனையில் ஒருவன், தபால் ஆபீசில் ஒருவன், கடற்கரையில் ஒருவன். ஆளைத் தூக்கிக்கொண்டுபோய் எல்லைக்கு அப்பால் விட்டுவிடுவார்கள் என்று அன்றாடம் பயம். தற்காப்புக்குத் துப்பாக்கி வேண்டிய ஆட்கள் என்று யாரையாவது சொல்லலாம் என்றால், அன்று இவர்களைத்தான் சொல்ல வேண்டும். சுடத் தெரிந்தவரும் அவர்களிடையே இருந்தார். ஆனால் அவர்களைக் காப்பாற்றியவை வேறு.

ஒன்று, கிணற்றுக் கதை. ஐயர் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும்போது ஒரு ஜாடி மேலே வந்தது. உள்ளே காளி படமும் ராஜத்துரோகக் காகிதங்களும். யாரோ வேண்டுமென்றே போட்டது. இவர்கள் அதை மறைக்கவில்லை, எரிக்கவில்லை. தாங்களே பிரெஞ்சுப் போலீசுக்குத் தகவல் கொடுத்துவிட்டார்கள். பிறகு புகார் வந்தபோது விசாரணை நீதிபதி நாந்தோ அரவிந்தர் வீட்டுக்கு வந்து சோதனை போட்டார். மேஜையில் கிரேக்க, லத்தீன் புத்தகங்கள். பிரெஞ்சுக்காரனுக்கு லத்தீன் படித்தவன் என்றால் ஒரு மரியாதை. எங்கள் பள்ளி வாத்தியார்களிடம் நானே பார்த்திருக்கிறேன். மனிதர் மரியாதையோடு திரும்பிப் போய்விட்டார். அன்றைக்கு அலமாரியில் ஒரு பிஸ்டல் அகப்பட்டிருந்தால் லத்தீன் காப்பாற்றியிருக்குமா என்பது சந்தேகம்.

இன்னொன்று, கையெழுத்து. வெளியூரிலிருந்து வந்து தங்கியிருப்பவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும், ஊரின் ஐந்து பெரிய மனிதர்களிடம் நன்னடத்தைச் சான்று வாங்கித் தர வேண்டும் என்று பிரெஞ்சு அரசு உத்தரவு போட்டது. ஆங்கிலேயரின் பழி தங்கள்மேல் வரக்கூடாது என்று போட்டது. இந்தப் பரதேசிகளுக்கு எந்தப் பெரிய மனிதன் கையெழுத்துப் போடுவான் என்று எதிராளிகள் நினைத்திருப்பார்கள். கலவை சங்கரஞ் செட்டியார் அலைந்து ஐந்து கையெழுத்தையும் வாங்கிக் கொடுத்துவிட்டார். கோமுட்டித் தெருவில் அரவிந்தரைத் தன் வீட்டில் முதலில் தங்கவைத்தவரும் அவர்தான். கலவைக் குடும்பத்தின் பெயரைச் சொன்னால் நாம் பள்ளிக்கூடத்தை நினைக்கிறோம். என்னைக் கேட்டால் அந்த ஐந்து கையெழுத்துக்கே ஒரு கல்வெட்டு வைக்கலாம்.

ஐயர் அதே ஊரில் உட்கார்ந்து திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். பின்னாளில் காந்தி வழிக்கு வந்தார். பாரதி பாட்டு எழுதினார். அரவிந்தர் கடைசிவரை இங்கேயே இருந்துவிட்டார்.

நம் ஊரில் துப்பாக்கி மிக உரக்கப் பேசிய நாள் 1936 ஜூலை 30. சவானா மில் தொழிலாளர்கள் மேல் அரசு துப்பாக்கிச்சூடு நடத்தியது. 12 பேர் செத்தார்கள். ஆலைக்கு உள்ளே இருந்தவர்களிடம் இருந்தது கல்லும் நூல்கட்டையும்தான். அடுத்த ஆண்டு ஏப்ரலில் எட்டு மணி நேர வேலைக்கான ஆணை பாரிசிலிருந்து வந்தது. வ. சுப்பையா அதற்காகப் பிரான்சு வரை போய்ப் பேசினார் என்பதை இளைய தலைமுறைக்கு நாம்தான் சொல்ல வேண்டும்.

1954 நவம்பர் முதல் தேதி பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்தார்கள். சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்டு 16. ஆனால் இந்தியச் சட்டங்கள் பல ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1959-ஆம் ஆண்டு புதிய ஆயுதச் சட்டம், 1963-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை ஒன்றின் மூலம்தான் மற்றச் சட்டங்களோடு சேர்ந்து இங்கே வந்தது. அப்போது நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பையன். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற சொல்தா ஒருவர் இருந்தார். இந்தோசீனாவில் வேலை பார்த்தவர். கூடத்துச் சுவரில் இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று மாட்டியிருப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊசுட்டேரிப் பக்கம் போய் நாலு கொக்கு, நாரையோடு வருவார். திருடன் வந்தால் இருக்கட்டும் என்று அவர் அம்மாவிடம் சொல்வாராம்.

புதுச் சட்டம் வந்ததும் அவர் பழைய அனுமதிச் சீட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். “தம்பி, நீ பிரெஞ்சு நல்லா படிக்கிற. இதை இங்கிலீசுலயோ தமிழ்லயோ எழுதிக் குடு. கச்சேரியில யாருக்கும் புரியலையாம்” என்றார். ஓத்தோரிசாசியோன் என்று தலைப்பு, கீழே முத்திரை. ஒரு பக்கத்துத் தாள்தான். நான் எழுதிக் கொடுத்தேன். லைசென்ஸ் கிடைத்தது. 1972-இல் வனவிலங்குச் சட்டம் வந்தபிறகு கொக்கு, நாரை கதையும் முடிந்தது. துப்பாக்கி எண்ணெய் போட்டபடி சுவரில் தொங்கியது. ஒவ்வொரு தேர்தலுக்கும் அதைத் துணியில் சுற்றி, ரிக்‌ஷாவில் வைத்து, ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவார். முடிவு வந்தபிறகு போய்த் திரும்ப வாங்குவார். அந்த வீட்டில் திருட்டே நடக்கவில்லை. அவர் வீட்டுக்குப் பக்கத்து வீட்டிலும் நடக்கவில்லை. அங்கே துப்பாக்கி கிடையாது.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், நடைப்பயிற்சி நண்பர் ஒருவர் போன மாதம் கேட்ட கேள்வி. பிள்ளைகள் இருவரும் பிரான்சில். வீட்டில் கணவன் மனைவி இருவர் மட்டும். அடுத்த தெருவில் ஒரு மூதாட்டியின் சங்கிலி போயிற்று. “முசியே, ஒரு ரிவால்வர் லைசென்ஸ் வாங்கி வைக்கலாமா?” என்றார். பயம் பொய்யில்லை, சிரித்துவிட்டுப் போகிற விஷயமும் இல்லை.

அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். தற்காப்பு உரிமை எல்லோருக்கும் உண்டு. பழைய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை, இப்போதைய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை. அந்த உரிமைக்கு லைசென்ஸ் வேண்டாம். துப்பாக்கிக்குத்தான் வேண்டும். 21 வயது நிரம்பியவர் மாவட்ட ஆட்சியரிடம் மனுச் செய்யலாம். போலீஸ் விசாரணை, டாக்டர் சான்று, பத்திரமாகப் பூட்டி வைக்க ஏற்பாடு, கையாளும் பயிற்சி எல்லாம் உண்டு. நீளக்குழல் சாதாரணத் துப்பாக்கிக்குத் தற்காப்பு என்ற காரணத்தைச் சட்டமே ஏற்கிறது. ரிவால்வருக்கு, தக்க காரணம் இருப்பதாக அதிகாரிக்குத் திருப்தி வரவேண்டும். முன்பு ஒருவர் மூன்று வைத்துக்கொள்ளலாம். 2019 திருத்தத்துக்குப் பிறகு இரண்டுதான். கல்யாணத்தில் வானத்தை நோக்கிச் சுட்டாலும் இப்போது இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு.

இவ்வளவும் செய்து வாங்கி, பீரோவில் பூட்டி, தோட்டாவை வேறிடத்தில் வைத்தால், இருட்டில் சத்தம் கேட்டதும் நம் வயதில் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடவே ஐந்து நிமிடம் ஆகும். பூட்டாமல் தலையணைக்கடியில் வைத்தால், விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகளை நினைக்க வேண்டும். திருடன் கைக்குப் போனால் நாம் வாங்கிக் கொடுத்த துப்பாக்கி அது. பக்கத்து வீட்டு ஐந்து பேரின் போன் நம்பரைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள், ஸ்டேஷனில் பெயரைப் பதிந்து வையுங்கள், அதற்கு மேலும் வேண்டுமென்றால் மனுவை நானே எழுதித் தருகிறேன் என்றேன்.

அவர் போன் நம்பர்களையும் எழுதி ஒட்டினார், மனுப் படிவத்தையும் வாங்கி வந்துவிட்டார். பெயர், வயது, முகவரி எல்லாம் நிரப்பியாயிற்று. எதற்காக வேண்டும் என்ற இடத்தை மட்டும் வெறுமையாக விட்டு என்னிடம் கொடுத்திருக்கிறார். படிவம் என் மேஜையில் இருக்கிறது.