எழுபத்து மூன்று

சென்னையிலிருந்து புறப்பட்ட கப்பல் நடுக்கடலில் ஏறக்குறைய மூன்று நாட்களைக் கழித்த பிறகே போர்ட் பிளேரின் ஹேடோ துறையை வந்தடையும் என்பதை அறிந்து, கடிதத்திற்கும் பத்திரிகைக்கும் அதன் வரவையே எதிர்பார்த்துப் பழகிய அந்தமான் தீவுத் தமிழர்களுக்கு, தூரம் எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும் கணித சாஸ்திரத்தில் முதல்தரமான ஆராய்ச்சி என்பது கேம்பிரிட்ஜ், கோட்டிங்கன் முதலிய மேனாட்டு வித்தியாபீடங்களிலேயே நிகழத்தக்கது என்றும், மற்றவர்கள் அதை வாசித்து வியக்கலாமேயன்றி அதில் பங்குகொள்ள இயலாது என்றும் ஓர் எண்ணம் நம்மவரிடையே நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. அதைத் தம் வேலையாலேயே பொய்யாக்கியவர்களுள் ஒருவர் சு. சிவசங்கரநாராயண பிள்ளை. அவர் இருந்த இடம் சிதம்பரம். அவர் கையாண்ட கருவியோ, லெனின்கிராடில் போதித்துக்கொண்டிருந்த ஒரு ருஷியப் பேராசிரியர் செய்தளித்தது.

அக்கருவி சிதம்பரம் வரை வந்து சேர்வதற்கு வழி செய்த வழக்கத்தை முதலில் சொல்லிவிடுவது முறை. 1907-இல் வி. ராமஸ்வாமி ஐயர் என்னும் டிப்டி கலெக்டர், வரிவசூலுக்கும் வழக்கு விசாரணைக்கும் இடையே கணிதத்தில் தீராத மோகம் கொண்டவர், தம்மைப் போலவே ஊருக்கு ஒருவராகத் தனித்துக் கிடந்த கணித அபிமானிகளைக் கூட்டி ஒரு சங்கம் நிறுவினார். ஐரோப்பிய சஞ்சிகைகளுக்குத் தனியே சந்தா கட்டும் சக்தி கல்லூரி உபாத்தியாயர் ஒருவருக்கும் இல்லாத காலம் அது. ஆகவே சங்கத்தின் பேரில் சஞ்சிகைகளை வரவழைத்து, புனாவில் பெர்குஸன் கல்லூரியில் நூலகமாக வைத்து, அங்கிருந்து அங்கத்தினர்களுக்குத் தபாலில் அனுப்பித் திரும்பப் பெறுவது என்று ஏற்பாடாயிற்று. இதுவே பின்னர் இந்தியக் கணித சங்கமாகி, தன் சொந்தச் சஞ்சிகையையும் நடத்தியது. 1910-இல் தம்மிடம் குமாஸ்தா வேலை கேட்டு வந்த ராமானுஜனின் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ரெவினியூ இலாகாவின் கடைசிப் படியில் அந்த மேதையைப் புதைக்க மனம் வராமல், சிபாரிசுக் கடிதத்துடன் சென்னைக்கு அனுப்பியவரும் இதே ராமஸ்வாமி ஐயர்தான். தமிழ்நாட்டுக் கணிதத்தின் சரித்திரத்தை எழுதுவோர் மேதைகளைப் பற்றி எழுதிய அளவுக்கு இத்தகைய டிப்டி கலெக்டர்களைப் பற்றி எழுதவில்லை என்பது என் குறை.

பிள்ளை 1901 ஏப்ரல் 5-இல் குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் பிறந்தார். ஒரு வயதில் தாயை இழந்தார்; பள்ளிப் படிப்பு முடியும் தறுவாயில் தந்தையும் காலமானார். அத்துடன் நின்றுபோயிருக்க வேண்டிய படிப்பு நிற்காததற்குக் காரணம், சாஸ்திரியார் என்று மட்டும் இன்று அறியப்படும் ஓர் உபாத்தியாயர், பையனின் புத்தியைக் கண்டு, தம் சொற்பச் சம்பளத்தில் ஒரு பகுதியை மாதந்தோறும் எடுத்துக் கொடுத்ததே. பின்னர் நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியிலும், திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியிலும் படித்துப் பி.ஏ. பட்டம் பெற்றார். செங்கோட்டையும் நாகர்கோவிலும் அக்காலத்தில் திருவாங்கூரைச் சேர்ந்திருந்தவை என்பதை நினைவில் கொண்டால், தென்காசிச் சீமையில் பிறந்த பிள்ளை சென்னையை நோக்காமல் திருவனந்தபுரம் போனதில் ஆச்சரியமில்லை.

1927-இல் ஆராய்ச்சி உதவித்தொகை பெற்றுச் சென்னைக்கு வந்தபோது, பிரஸிடென்ஸி கல்லூரியில் கே. ஆனந்த ராவ் பேராசிரியராக விளங்கினார். கேம்பிரிட்ஜில் ஹார்டியிடம் பயின்று, ராமானுஜன் அங்கிருந்த காலத்திலேயே தாமும் அங்கிருந்து, இருபத்தாறாம் வயதில் பேராசிரியர் பதவியில் அமர்ந்தவர் அவர். விஜயராகவன், மீனாட்சிசுந்தரம், சந்திரசேகரன் என்று பின்னாளில் பிரசித்தி பெற்ற பலர் அவரிடம் பாடம் கேட்டவர்கள். பிள்ளை அவரிடம் இருந்தது ஏறக்குறைய இரண்டாண்டுகளே. 1929-இல் ராஜா அண்ணாமலைச் செட்டியாரால் சிதம்பரத்தில் புதிய சர்வகலாசாலை தொடங்கப்பெற்றது. அதே ஆண்டில் பிள்ளை அங்கே விரிவுரையாளராகச் சேர்ந்தார்.

அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளும் அவருக்கு அறுவடைக் காலம். வகுப்பு நடத்திய நேரம் போக எஞ்சிய பொழுதெல்லாம் எண்ணியலிலேயே கழிந்தது. எண்ணியலில் சரிக்குச் சரி பேசக்கூடிய துணை அருகில் அரிது. ஆகவே முதலில் வால்டேரிலும் பிறகு லாகூரிலும் இருந்த சர்வதமன் சௌலாவுக்குக் கடிதம் எழுதுவார், சௌலா பதில் எழுதுவார், இருவர் பேராலும் கட்டுரைகள் வெளிவரும். அக்கடிதங்களில் சில இன்றும் கிடைக்கின்றன. சென்னைச் சர்வகலாசாலை கணிதத்திற்கென்று முதன்முதலில் வழங்கிய டி.எஸ்ஸி. பட்டம் பிள்ளையைச் சேர்ந்தது.

இனி, அவர் பெயரை நிலைநாட்டிய பிரச்னை. 1770-இல் வாரிங் என்ற ஆங்கிலேயர், எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாகவும், ஒன்பது கனங்களின் கூட்டுத்தொகையாகவும், பத்தொன்பது நான்காம் அடுக்குகளின் கூட்டுத்தொகையாகவும் எழுதலாம், மேலும் இவ்வாறே செல்லும் என்று நிரூபணமின்றி எழுதி வைத்தார். வர்க்கத்தைப் பற்றிய பகுதியை அதே ஆண்டில் லக்ராஞ்ஜ் நிரூபித்தார். எந்த அடுக்கிற்கும் ஏதோ ஓர் எண்ணிக்கை போதும் என்பதை மட்டும் ஹில்பர்ட் 1909-இல் நிலைநாட்டினார். அந்த எண்ணிக்கை எத்தனை என்பதுதான் தலைவலி. ஆறாம் அடுக்கை எடுத்துக்கொள்ளலாம். ஆறாம் அடுக்குகள் 1, 64, 729 என்று செல்கின்றன. 703 என்ற எண்ணுக்கு 729 பயன்படாது, அது பெரியது; ஆகவே 64-ஐயும் 1-ஐயும் கொண்டே அதைக் கட்டி முடிக்க வேண்டும். பத்து 64 சேர்ந்தால் 640. பாக்கி 63-க்கு அறுபத்து மூன்று ஒன்றுகள். ஆக எழுபத்து மூன்று. 703-க்கு இதற்குக் குறைந்து முடியாது என்பதைப் பள்ளி மாணவனும் காட்டிவிடுவான். உலகிலுள்ள வேறெந்த எண்ணுக்கும் இதற்கு மேல் தேவைப்படாது என்று காட்டுவதில்தான் சாமர்த்தியமெல்லாம் அடங்கியிருக்கிறது.

இங்கேதான் ருஷியர் வருகிறார். இவான் மத்வேயெவிச் வினோகிராதோவ் 1891-இல் வெலிக்கியே லூக்கி அருகே ஒரு கிராமத்தில், பாதிரியாரான தந்தைக்கும் ஆசிரியையான தாய்க்கும் பிறந்தார். பீட்டர்ஸ்பர்க் சர்வகலாசாலையில் 1914-இல் தேறி, புரட்சியும் உள்நாட்டுப் போரும் நடந்த ஆண்டுகளில் பெர்ம் நகரில் போதித்து, பிறகு பெட்ரோகிராடுக்கே (பின்னாளைய லெனின்கிராடு) திரும்பி, அங்கே சர்வகலாசாலையிலும் பாலிடெக்னிக்கிலும் ஆசிரியராயிருந்தார். 1934-இல் மாஸ்கோவில் ஸ்டெக்லோவ் கணித நிலையத்தின் தலைமையை ஏற்று, யுத்த காலத்தில் ஏற்பட்ட ஓர் இடைவெளி நீங்கலாக, 1983-இல் இறக்கும் வரை அப்பதவியிலேயே இருந்தார். ஆள் மகா பலசாலி. ஒருவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலியை அதன் காலைப் பிடித்தே தூக்கிவிடுவார் என்று சொல்வார்கள். முதுமையில் அந்த நிலையத்தின் வாசலை யூதக் கணித அறிஞர்களுக்கு அடைத்து வைத்தார் என்ற பழியும் அவர் மேல் உண்டு. கணிதத்தில் அவருக்கிருந்த பெருமையைக் காட்டி அதை மறைப்பது நியாயமாகாது.

அவர் செய்தது இதுதான்: எண்களை வட்டத்தின் மேலுள்ள திசைகளாகப் பாவித்து, எண்ணிறந்த திசைகளைக் கூட்டும்போது அவை ஒன்றையொன்று எவ்வளவு தூரம் அழித்துக்கொள்கின்றன என்பதை மிக நுட்பமாக மதிப்பிட ஒரு வழி கண்டார். அதன் பயனாக, ஒரு குறிப்பிட்ட எல்லைக்கு அப்பாலுள்ள பேரெண்கள் வாரிங் எதிர்பார்த்ததைவிடச் சொற்பமான அடுக்குகளாலேயே அமைந்துவிடும் என்பது தெளிவாயிற்று. 1937-இல் இதே வழியால், போதுமான அளவு பெரிய ஒற்றை எண் ஒவ்வொன்றும் மூன்று பகா எண்களின் கூட்டுத்தொகை என்று நிரூபித்து உலகை வியக்க வைத்தார். இவ்வழியின் பூர்வீகத்தைத் தேடிச் சென்றால் ஹார்டியும் லிட்டில்வுட்டும் கையாண்ட வட்ட முறைக்குப் போகிறோம். அதற்கும் முன்னே சென்றால், 1918-இல் ஹார்டியும் ராமானுஜனும் சேர்ந்து எழுதிய எண் பிரிவினைக் கட்டுரையில் போய் நிற்கிறோம். கும்பகோணத்தார் ஒருவர் கைபட்டு இங்கிலாந்தில் உருவான சரக்கு, லெனின்கிராடில் பட்டை தீட்டப்பெற்று, சிதம்பரத்திற்கு வந்து சேர்ந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

பேரெண்களை வினோகிராதோவ் பார்த்துக்கொண்டார். சிற்றெண்களை அட்டவணை போட்டுச் சரிபார்க்கலாம். நடுவிலுள்ள பெரும் பரப்பைப் படிப்படியாக ஏறிக் கடக்க வேண்டும். அமெரிக்காவில் சிக்காகோ சர்வகலாசாலையில் டிக்ஸனும், சிதம்பரத்தில் பிள்ளையும், ஒருவரையொருவர் சாராமல் இவ்வேற்றத்தில் இறங்கி, 1936-இல் இருவருமே ஏழாம் அடுக்கு முதற்கொண்டு பொருந்தும் சூத்திரத்தை அடைந்தார்கள்: இரண்டை அத்தனை முறை பெருக்கி, ஒன்றரையை அத்தனை முறை பெருக்கியதன் முழு எண் பகுதியைச் சேர்த்து, இரண்டைக் கழிக்க வேண்டியது. இதற்கு ஒரு சிறு நிபந்தனை உண்டு. அதை மீறும் அடுக்கு எதுவும் இன்றளவும் அகப்படவில்லை. டிக்ஸனுக்குப் பின்னே ஒரு பெரிய நூலகமும் மாணவர் கூட்டமும் இருந்தன. பிள்ளைக்கு வாய்த்தது, தொடங்கிப் பத்தாண்டுகூட நிரம்பாத ஒரு சர்வகலாசாலை. 1940-இல் ஆறாம் அடுக்கையும் அவர் முடித்தார்: அறுபத்து நான்கும் பதினொன்றும் சேர்ந்து எழுபத்தைந்து, இரண்டு போக எழுபத்து மூன்று.

பெரிய யந்திரங்களைக் கையாண்டவர் சிறிய விளையாட்டுகளையும் வெறுக்கவில்லை. அடுத்தடுத்த பதினாறு அல்லது அதற்குக் குறைந்த எண்களை எங்கிருந்து எடுத்தாலும், மற்றெல்லாவற்றோடும் பொதுக்காரணி இல்லாத ஓர் எண் அவற்றில் இருந்தே தீரும் என்று காட்டினார். பதினேழு என்றால் இது பொய்த்துவிடும். 2184 முதல் 2200 வரை எழுதிப் பார்த்தால் போதும்: 2197 என்பது 13-இன் கனம், அது 2184-இல் மாட்டிக்கொள்கிறது, 2189-இல் 11 ஒளிந்திருக்கிறது, அது 2200-இல் அகப்படுகிறது. இவ்வாறே ஒன்றுகூடத் தப்புவதில்லை.

1941-இல் ஓராண்டு திருவாங்கூர் சர்வகலாசாலையிலிருந்துவிட்டு, 1942-இல் கல்கத்தா சென்றார். ஹிட்லரின் ஜெர்மனியை விட்டு வெளியேறி அங்கே ஹார்டிஞ்ச் பேராசிரியராயிருந்த லெவி அவரை அழைத்திருந்தார். 1950-இல் பிரின்ஸ்டன் உயர் ஆராய்ச்சி நிலையம் ஓராண்டு தங்குமாறு அழைத்தது. அதே சமயத்தில் ஹார்வர்டில் சர்வதேசக் கணித மாநாடும் கூடவிருந்தது. பம்பாயிலிருந்து நியூயார்க் செல்லும் விமானத்தில் பிள்ளை ஏறினார். கெய்ரோவில் தங்கிப் புறப்பட்ட அந்த விமானம், 1950 ஆகஸ்டு 31-இல் எகிப்தியப் பாலைவனத்தில் விழுந்தது. அதிலிருந்த 55 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. பிள்ளைக்கு அப்போது வயது நாற்பத்தொன்பது.

வாரிங் பிரச்னையில் மீதியிருந்தவை இரண்டு அடுக்குகள். ஐந்தாம் அடுக்குக்கு முப்பத்தேழு என்று சீனாவில் சென் ஜிங்ருன் 1964-இல் காட்டினார். நான்காம் அடுக்குக்கு வாரிங் சொன்ன பத்தொன்பதை 1986-இல் நிரூபித்த மூவரில் இருவர் பிரெஞ்சுக்காரர், மற்றவர் இரா. பாலசுப்பிரமணியன், சென்னைத் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிலையத்தின் தலைமையைப் பின்னாளில் ஏற்றவர். பிள்ளையின் கட்டுரைகளை எல்லாம் திரட்டி 2010-இல் இரண்டு தொகுதிகளாகப் பதிப்பித்தவர்களில் அவரும் ஒருவர். சூத்திரத்தோடு ஒட்டிய நிபந்தனையை மீறும் அடுக்குகள் இருந்தாலும் அவை எண்ணி முடிக்கத்தக்க சிலவே என்று மாலர் 1957-இல் நிரூபித்தார். ஒன்றுமே இல்லை என்பதை நிரூபித்தவர் இன்னும் எவருமில்லை.