இராஜராஜனும் ‘குடுத்தார்’

நான் வாங்கிய ஒரு திட்டோடு தொடங்குகிறேன்.

நிகழ்ச்சி ஒன்றில் வாய்தவறி ‘குடுத்தாங்க’ என்று சொல்லிவிட்டேன். குளுவாங்கிலிருந்து ஒரு பெரியவர் தொலைபேசியில் அழைத்தார். “கொடுத்தார்கள் என்று சொல்ல வராதாம்மா? தமிழைக் கொல்லாதே” என்றார். மன்னிப்புக் கேட்டேன். ஆனாலும் மனம் ஆறவில்லை. கல்வெட்டு நூல்களைப் புரட்டினேன்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில், 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இராஜராஜ சோழன் தன் கொடைகளைக் கல்லில் வெட்டச் சொல்கிறான். ‘நாம் குடுத்தனவும், அக்கன் குடுத்தனவும்’ என்றுதான் இருக்கிறது. அக்கன் என்பது தமக்கை குந்தவை. அரசன் சொன்னதைக் குறிக்கும் இடத்தில் ‘மொழிந்தருள’ இல்லை, ‘மொழிஞ்சருள’! நம் வீட்டில் ‘தெரிந்து’ என்பது ‘தெரிஞ்சு’ ஆகிறதே, அதே மாற்றம்தான். சிற்பியின் பிழை என்று தள்ளவும் வழியில்லை. அதே கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனைப் புகழும் மெய்க்கீர்த்தி செம்மையான செய்யுள் நடையில் உள்ளது. புகழுக்கு ஒரு தமிழ், கணக்குக்கு ஒரு தமிழ்.

அதற்கும் முன்னே போனால், மதுரை அருகே மாங்குளத்தில், கி.மு. 2ஆம் நூற்றாண்டுத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டில் கொடுத்தலுக்கு ‘ஈத்த’ என்ற வினை வருகிறது. காலம் மட்டுமல்ல, இடமும் இலக்கணத்தை மாற்றியது. சேர நாட்டில் வினைமுற்றின் ஆன், ஆள், ஆர் விகுதிகள் நாளடைவில் உதிர்ந்தன. இன்று மலையாளத்தில் அவனும் ‘வந்நு’, அவளும் ‘வந்நு’.

இது நமக்கு மட்டும் நடந்ததா? மத்திய அமெரிக்காவின் மாயன் கல்வெட்டுகளில், மன்னன் அரியணையில் ‘அமர்ந்தான்’ என்னும் வினை பழங்காலத்தில் ‘லஹ்’ என்ற விகுதி பெற்றது. 7ஆம் நூற்றாண்டில் மேற்குப் பகுதியில் ‘வன்’ என்ற விகுதி தலைகாட்டி, பிறகு மற்ற நகரங்களுக்கும் பரவியது. எழுத்து அதேதான், இலக்கணம் நகர்ந்துவிட்டது.

நம் ஜொகூருக்கு வடக்கே, தென் தாய்லாந்தின் குவான் லுக் பாட்டில் பொன் உரசிப் பார்க்கும் கல் ஒன்று கிடைத்தது. ஏறக்குறைய 3 அல்லது 4ஆம் நூற்றாண்டு. அதில் ‘பெரும்பதன் கல்’ என்று மட்டுமே இருக்கிறது. ‘பெரும்பதனது’ என்று உருபு போடவில்லை. நம் கடைத்தெருவில் ‘முருகன் கடை’ என்கிறோமே, அப்படித்தான்.

செய்தி வாசிக்கும்போது நான் இன்றும் ‘கொடுத்தார்கள்’ என்றே சொல்கிறேன். அந்தப் பெரியவர் மறுபடி அழைத்தால் ‘மொழிஞ்சருள’ கதையைச் சொல்லலாம் என்று காத்திருக்கிறேன். இன்னும் அழைக்கவில்லை.