டால்பினா, மாருதியா?

இங்கே டெட்ராய்ட் பக்கம் கார் பேச்சு எடுத்தாலே எல்லோரும் முஸ்டாங், கமாரோ என்று ஆரம்பித்து விடுகிறார்கள். நம்ம பெங்களூரிலும் கார் செய்தார்கள் என்றால், நம் ஆட்களே "ரேவாதானே?" என்கிறார்கள். ரேவா 2001-இல் வந்தது. நான் சொல்வது அதற்கும் இருபது வருஷம் முந்திய சங்கதி. சிபானி டால்பின் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

பாதல் என்று ஒரு மூன்று சக்கர வண்டியை 1970-களில் செய்து கொண்டிருந்த பெங்களூர் கம்பெனிதான் 1982-இல் டால்பினைக் கொண்டு வந்தது. இங்கிலாந்தின் ரிலையன்ட் கம்பெனி செய்த கிட்டன் காரின் டிசைன். அடுத்த வருஷமே, 1983 டிசம்பர் 14 அன்று, இந்திரா காந்தி முதல் மாருதி 800-இன் சாவியைக் கொடுத்தார். டால்பினின் தலையெழுத்து அன்றே முடிவாகி விட்டது.

ஆனால் காகிதத்தில் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட சமம். டால்பினுக்கு 848 சிசி, நாலு சிலிண்டர், முழுக்க அலுமினிய எஞ்சின். மாருதிக்கு 796 சிசி, மூன்று சிலிண்டர். குதிரைத்திறன் இரண்டுக்குமே 40-ஐ ஒட்டித்தான். மாருதியில் எஞ்சினைக் குறுக்கே வைத்து முன் சக்கரத்தை ஓட்டினார்கள். அதனால் சின்ன காருக்குள் நிறைய இடம் கிடைத்தது. டால்பினில் பழைய முறை: எஞ்சின் நீளவாக்கில், ஓட்டம் பின் சக்கரத்துக்கு, பின்னால் லீஃப் ஸ்பிரிங்.

டால்பினின் பாடி ஃபைபர் கிளாஸ். அல்சூரில் எங்கள் தெருவில் ஒன்று நிற்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பையன்கள் எல்லோரும் தட்டிப் பார்ப்போம். தகர டப்பா சத்தமே வராது, பலகையைத் தட்டின மாதிரி இருக்கும் :-) எடை குறைவு. அதனால்தான் சோழவரம் ரேஸில் டால்பினுக்கு அத்தனை மவுசு. ஃபைபர் துருவும் பிடிக்காது.

அப்புறம் ஏன் தோற்றது? "மட்டமான வண்டி" என்று சொல்பவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. முதல் காரணம் கதவு. டால்பினுக்கு இரண்டே கதவுதான், மாருதிக்கு நாலு. வீட்டில் மாமியார், பாட்டி எல்லாம் முன் சீட்டை மடக்கிவிட்டு, புடவையைப் பிடித்துக் கொண்டு பின்னால் நுழைய வேண்டும் என்றால் எந்தக் குடும்பம் வாங்கும்? வண்டலூரில் ஹெரால்டு செய்த ஸ்டாண்டர்டு கம்பெனி முதலில் இரண்டு கதவோடுதான் விற்றது. 1968-இல் நாலு கதவுக்கு மாறி விட்டது. சென்னைக்காரர்கள் படித்த பாடம் பெங்களூருக்கு வந்து சேரவில்லை. நாலு கதவு வைத்த மொன்டானா 1987-இல்தான் வந்தது. அதற்குள் ஊரெல்லாம் மாருதி.

இரண்டாவது, டிங்கரிங். தகரம் ஒடுங்கினால் பட்டறைக்காரர் தட்டி நிமிர்த்தி விடுவார். ஃபைபர் ஒடுங்காது, விரிந்து விடும். அதை ஒட்டத் தெரிந்தவர் எல்லா ஊரிலும் கிடையாது.

இதையெல்லாம் விடப் பெரியது, எதிரில் நின்றது யார் என்பது. மாருதி அரசாங்கக் கம்பெனி. 1982 அக்டோபரில் ஒப்பந்தம் போட்ட சுசுகிக்கு அதில் 26 சதவீதப் பங்கு. சிபானிக்குப் பின்னால் டெல்லியும் இல்லை, ஜப்பானும் இல்லை. ஃபைபர் பாடியைக் குறைந்த முதலீட்டில் செய்யலாம், பெரிய பெரிய பிரஸ் மெஷின் தேவையில்லை. சின்ன கம்பெனி அதைத் தேர்ந்தெடுத்தது புத்திசாலித்தனம்தான் என்பேன். ஆனால் லட்சக்கணக்கில் செய்வதற்கு அது தோதுப்படாது. மாருதி 800 அப்படித்தான் 2014 ஜனவரி வரை ஓடியது, 27 லட்சத்துக்கு மேல் விற்றது.

சிபானி அதற்கப்புறம் டீசல் மொன்டானா செய்து பார்த்தது. 1990-களில் ரோவர் மான்டிகோவையும் கொண்டு வந்து பூட்டி விற்றுப் பார்த்தது. எதுவும் எடுபடவில்லை.

உங்கள் வீட்டில் யாராவது டால்பின் வைத்திருந்தால் சொல்லுங்கள். பின் சீட்டில் உட்கார்ந்து போனவர்கள் கட்டாயம் சொல்லுங்கள்.