இயற்பியல் மாற்றமும் வேதியியல் மாற்றமும்

இயற்பியல் மாற்றம் என்பது ஒரு பொருளின் நிலை, வடிவம், பருமன் போன்றவை மாறினாலும், அது வேறொரு பொருளாக மாறாதிருக்கும் மாற்றம் ஆகும். வேறு பண்புகளைக் கொண்ட புதிய பொருட்கள் உருவாகும் மாற்றம் வேதியியல் மாற்றம் அல்லது வேதிவினை எனப்படும். இலங்கை வழக்கில் இவை முறையே பௌதிக மாற்றம், இரசாயன மாற்றம் என அழைக்கப்படுகின்றன.

எடுத்துக்காட்டு: நீர்

நீர் கொதிக்கும்போது அதன் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விட்டு விலகுகின்றனவேயன்றி, உடைவதில்லை. கொதிநீரில் எழும் குமிழிகள் ஐதரசனும் ஆக்சிசனும் எனக் கருதுவது தவறு, அவை நீராவியே. ஆகவே இது இயற்பியல் மாற்றம்.

1800 ஆம் ஆண்டில் வில்லியம் நிக்கல்சன், அந்தோனி கார்லைல் ஆகியோர் மின்கல அடுக்கைக் கொண்டு நீரை ஐதரசனாகவும் ஆக்சிசனாகவும் பகுத்தனர். இதில் மூலக்கூறுகளின் பிணைப்புகள் முறிவதால் இது வேதியியல் மாற்றம் ஆகும். 18 கிராம் நீரை அதன் கொதிநிலையில் ஆவியாக்க ஏறத்தாழ 41 கிலோசூல் ஆற்றல் போதும். அதே அளவு நீரை அறை வெப்பநிலையில் தனிமங்களாகப் பிரிக்க ஏறத்தாழ 286 கிலோசூல் தேவை.

எடுத்துக்காட்டு: சுண்ணாம்பு

சுண்ணாம்புக் கல்லை உடைத்துத் தூளாக்குதல் இயற்பியல் மாற்றம். அதைக் காளவாயில் சுடுதல் வேதியியல் மாற்றம். தூய சுண்ணாம்புக் கல் 100 கிராம் முற்றிலும் சிதைந்தால், 44 கிராம் கரியமில வாயு வெளியேறி, 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு எஞ்சும். சுட்ட சுண்ணாம்பின் காரத்தன்மை நெருப்பிலிருந்து வந்து சேர்ந்தது என்ற கருத்து முன்னர் நிலவியது. கல் ஒரு வாயுவை இழப்பதே காரணம் என்பதை யோசேப்பு பிளாக் 1756 இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்.

சுட்ட சுண்ணாம்பில் நீர் சேர்த்தால் அது கரைவது போலத் தோன்றினும், உண்மையில் நீருடன் வினைபுரிந்து நீற்றிய சுண்ணாம்பாகிறது. அப்போது நீரைக் கொதிக்கச் செய்யுமளவு வெப்பம் வெளிப்படக்கூடும். தெறிக்கும் குழம்பு தோலையும் கண்ணையும் புண்ணாக்கும். சுவரில் பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று, மீண்டும் கல்லின் வேதிப்பொருளாகவே மாறுகிறது.

இனங்காணல்

நிறமாற்றம், வாயு வெளிப்படல், வீழ்படிவு தோன்றல், வெப்பம் அல்லது ஒளி வெளிப்படல் ஆகியவை வேதிவினையின் அறிகுறிகளாகக் கூறப்படுகின்றன. இவை அறிகுறிகள் மட்டுமே; உறுதியான சான்றுகள் அல்ல.

* பழுக்கக் காய்ச்சிய இரும்பு ஒளிர்வது வேதிவினையால் அன்று.
* கிழித்த தாள் பழைய நிலைக்குத் திரும்பாது. எனினும் அது இயற்பியல் மாற்றமே.
* ஈய அமில மின்கலத்தில் நிகழும் வேதிவினையை மின்னேற்றம் செய்து மீளச் செய்யலாம்.

எனவே, மீளும் தன்மையைக் கொண்டு மட்டும் இவற்றை வேறுபடுத்த இயலாது. புதிய பொருள் உருவானதா என்பதே முடிவான கேள்வி.

எல்லைநிலை

சில மாற்றங்களைத் தெளிவாக வகைப்படுத்துவது கடினம். உப்பு நீரில் கரைவது பாடநூல்களில் பொதுவாக இயற்பியல் மாற்றமாகக் காட்டப்படுகிறது. நீரை ஆவியாக்கி உப்பை மீளப் பெறலாம். ஆயினும் கரையும்போது உப்பின் அயனிகள் பிரிந்து நீர் மூலக்கூறுகளால் சூழப்படுவதால், இதை வேதியியல் மாற்றமாகக் கருதுவோரும் உளர்.