கசகசாவும் பொப்பியும்: ஒரு சின்ன விதையின் பெரிய வரலாறு

 

கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீட்டார் கடைசி வரை வாசித்துவிடுங்கள்.

என்னிடம் படித்த ஒரு பிள்ளை இங்கிலாந்திலிருந்து எழுதியிருந்தார். "சேர், எங்கட தோட்டத்தில பொப்பி பூத்து முடிஞ்சு காய் காய்ஞ்சிருக்கு. விதையை என்வலப்பில போட்டு அனுப்பவா? ஸ்கூல் பூப்பாத்தியில தூவலாம்." படமும் வைத்திருந்தார். அழகான ஊதாப் பூ. எனக்கும் ஆசைதான். ஆனாலும் "வேண்டாம் மகள்" என்று பதில் போட்டேன். அவருக்கு மனம் சுருங்கிப் போனது தெரிந்தது. அதனால் காரணத்தை முழுதாக எழுதுகிறேன்.

பொப்பியில் பல இனங்கள் உண்டு. நவம்பர் 11இல் இங்கிலாந்தில் சட்டையில் குத்துவது சிவப்பு வயல் பொப்பி. அதில் அபின் இல்லை. இன்னொன்று அபின் எடுக்கும் பொப்பி. அதையும் அந்த நாட்டில் அழகுக்காக வீட்டுத் தோட்டத்தில் வளர்ப்பார்கள். அபின் எடுக்காதவரை அங்கே அது குற்றமில்லை. இரண்டின் விதையும் தூள் போலச் சின்னது. பெயர் எழுதாத என்வலப்பில் எது வந்தது என்று பார்த்துச் சொல்ல என்னால் முடியாது.

இலங்கைச் சட்டம் வேறு. ஒரு காலத்தில் இங்கேயும் அனுமதிப்பத்திரம் பெற்ற கடைகளில் அபின் விற்றார்கள். வங்காளத்து அபினைச் சீனாவில் விற்பதற்காக 1839 முதல் 1842 வரை போரே நடத்தியவர்கள் ஆங்கிலேயர். பிறகு உலகம் விழித்தது. 1912இல் ஹேக் நகரில் அபின் பற்றிய சர்வதேச உடன்படிக்கை எழுதப்பட்டது. 1929இல் இலங்கையில் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டம் வந்தது. அதன்படி அனுமதி இல்லாமல் அபின் பொப்பி, கொக்கா, கஞ்சா ஆகிய செடிகளை வளர்க்க முடியாது. 1984இல் திருத்தி, போதைப்பொருள் கடத்தலுக்கு மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை வரை வைத்தார்கள். பூ வளர்த்தவருக்கு அந்தத் தண்டனை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அழகுக்கு வைத்தேன் என்று பொலிசுக்கு விளக்கம் சொல்லும் நிலைமை ஒரு பாடசாலைக்கு வரவே கூடாது.

சரி, அது சிவப்பு வயல் பொப்பியாகவே இருக்கட்டும். அப்போதும் என்வலப்பில் அனுப்ப முடியாது. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க தாவரப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கிறது. நடுவதற்கு விதை கொண்டுவர விவசாயத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். நோயில்லை என்று அனுப்பும் நாடு தரும் சான்றிதழும் வேண்டும்.

இது வீண் கெடுபிடி என்று நினைப்பவர்கள் நம் பக்கத்துக் குளங்களிலும் நீரோடைகளிலும் மண்டிக் கிடக்கும் ஆற்றுவாழையைப் போய்ப் பாருங்கள். அதுவும் ஊதாப் பூ அழகாக இருக்கிறது என்று 1905இல் இந்த நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட செடிதான். நாலே வருடத்தில், 1909இல், அதை ஒழிக்கத் தனிச் சட்டம் போட வேண்டி வந்தது. நூறு வருடம் தாண்டியும் தோணிக்காரரும் மீன்பிடிகாரரும் அதோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

இது வரும் விதையின் கதை. போகும் விதையின் கதை இன்னும் முக்கியம்.

அதே வாரம் பக்கத்து வீட்டு உம்மா ஒருவர் டுபாயில் இருக்கும் மகனுக்கு நோன்புப் பொதி கட்டிக்கொண்டிருந்தார். அதற்குள் ஒரு பக்கெட். மேலே 'கசகசா' என்று எழுதியிருந்தது. "சர்பத்துக்குப் போட்டுக் குடிப்பான் சேர், பிழையா?" என்று கேட்டார்.

நம் ஊரில் கசகசா என்றால் பலூடாவில் போடும் கறுப்பு விதை. தண்ணீரில் போட்டதும் வழுவழுவென்று ஊதிவிடும். அது திருநீற்றுப்பச்சையின் விதை. தமிழ்நாட்டில் சப்ஜா என்பார்கள். அங்கே கசகசா என்று கேட்டால் குருமாவுக்கு அரைக்கும் வெள்ளை விதையைத் தருவார்கள். அதுதான் பொப்பி விதை. தண்ணீரில் ஊதாது.

இனி அரபு மொழிக்கு வாருங்கள். அரபியில் கஷ்காஷ் என்றால் பொப்பி. நம் கசகசா என்ற சொல்லின் வேரும் அதுதான். சொல் கடல் தாண்டி வந்து, இலங்கையில் வேறொரு விதையில் ஒட்டிக்கொண்டது. அந்தச் சொல்லையே பொதியில் எழுதித் திரும்ப அரபு நாட்டுக்கு அனுப்பினால், சுங்க அதிகாரியின் காதில் அது பொப்பி என்றுதான் விழும். ஐக்கிய அரபு அமீரகமும் சவூதியும் சிங்கப்பூரும் பொப்பி விதையைத் தடை செய்துள்ளன. காயின் பால் விதையில் ஒட்டியிருக்கலாம், அதில் போதைச் சத்து இருக்கும் என்பது காரணம். சமையலுக்கு என்று சொன்னாலும் விடமாட்டார்கள்.

அந்த உம்மாவின் பக்கெட்டில் இருந்தது குற்றமில்லாத விதை. பெயர் மட்டும் குற்றமுள்ள பெயர். பரிசோதித்து முடியும் வரை அந்தப் பிள்ளைக்கு வேலையும் நிம்மதியும் இருக்குமா?

ஆகவே என் வேண்டுகோள் மூன்று:

1. பொதியில் கசகசா வைக்காதீர்கள். அங்குள்ள இந்திய, பாகிஸ்தானியக் கடைகளில் சப்ஜா, துக்மரியா என்று கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

2. மற்றவர் கட்டித் தரும் பொதியைப் பிரித்துப் பார்க்காமல் கொண்டுபோகாதீர்கள்.

3. அந்த நாட்டில் யாராவது கேட்டால் கசகசா என்று சொல்லாமல் ரைஹான் விதை என்று சொல்லுங்கள். அந்தச் செடிக்கு அரபியில் ரைஹான் என்றுதான் பெயர். சூரா ரஹ்மான் ஓதும் நமக்கு அது புதுச் சொல்லும் அல்ல.

அந்த இங்கிலாந்துப் பிள்ளைக்கு ஆறுதலாக இன்னொரு வரலாறும் எழுதினேன். வெள்ளைக்காரர் காலத்தில் நவம்பர் 11இல் இலங்கையிலும் காகிதப் பொப்பி விற்றார்கள். பணத்தில் பெரும்பகுதி பிரித்தானியாவுக்குப் போனது. போரில் அடிபட்ட இந்நாட்டவருக்குக் கிடைத்தது சொற்பம். அதை எதிர்த்து 1931இல் ஏலியன் பெரேரா என்ற முன்னாள் படைவீரர் சூரிய மல் விற்கத் தொடங்கினார். 1933இல் இளைஞர்கள் அதைப் பெரிய இயக்கமாக்கினார்கள். டொரீன் யங் என்ற ஆங்கிலப் பெண்ணே அதன் தலைவியானார். 1934, 35 மலேரியாக் காலத்தில் அதே இளைஞர்கள் ஊர் ஊராகப் போய் மருந்தும் உணவும் கொடுத்தார்கள்.

சூரிய மல் என்றால் நம் பூவரசம்பூ. வாவிக்கரையிலும் வேலியிலும் நிற்கும் அதே பூவரசுதான்.

"அப்ப அந்தப் பூவைப் படம் எடுத்து அனுப்புங்க சேர்" என்று பதில் வந்தது. காலையில் பாடசாலை வேலியோரம் பூத்திருந்ததை எடுத்து அனுப்பினேன். படம் அனுப்ப எந்தச் சுங்கத்திடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.

இந்தப் பதிவை டுபாய், சவூதியில் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குப் பகிருங்கள். நோன்புக்கு முன்னால் போய்ச் சேரட்டும்.